பைன் காட்டில் கோடாலிச் சத்தம்: கொடைக்கானல் கூப்புகளின் கதை

மே மாதத்தில் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். வெயிலில் தார் உருகிக்கொண்டிருக்கும். கொடைக்கானல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம் மட்டும் கையில் ஸ்வெட்டரோடு நிற்கும். ஜன்னல் சீட்டுக்குக் கைக்குட்டை, துண்டு, சில சமயம் குழந்தையே கூட ஜன்னல் வழியாக உள்ளே போகும்.

வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வரை சமவெளிதான். வாழை, தென்னை, மல்லிகைத் தோட்டங்கள். காட்ரோடு தாண்டியதும் பஸ் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். டம் டம் பாறையில் இறங்கி நின்றால் எதிரே எலிவால் அருவி, கீழே மஞ்சளாறு அணை. பெருமாள்மலை வந்தால் காதில் குளிர் ஏறும். சுமார் 120 கிலோமீட்டர், நாலு மணி நேரம். மதுரைக்காரர்களுக்கு இது வேறு ஊர் என்ற எண்ணமே கிடையாது. 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது.

மேலே போனதும் எல்லோரும் தவறாமல் பார்க்கும் இடம் பைன் காடு. மோயர் பாயின்ட் போகும் வழியில், குணா குகைக்குப் பக்கம். வானத்தைத் தொடும் நேர்கோட்டு மரங்கள், நடுவில் சாய்ந்து விழும் வெளிச்சம், காலடியில் மெத்தை போலக் காய்ந்த ஊசி இலைகள். எத்தனையோ சினிமாப் பாட்டுக்கு இந்த மரங்களைச் சுற்றி ஓடியிருக்கிறார்கள். புதுமணத் தம்பதிகள் மரத்துக்கு மரம் சாய்ந்து படம் எடுப்பார்கள். வேகவைத்த சோளக்கதிர், மாங்காய்க் கீற்று, குதிரை சவாரி எல்லாம் உண்டு.

அடுத்த முறை போகும்போது ஒரு நிமிடம் ஒதுக்கி, மரங்கள் நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். ஒரே உயரம், ஒரே பருமன், ஒன்றுக்கொன்று அளந்து வைத்த மாதிரி இடைவெளி. பல இடங்களில் தென்னந்தோப்பு போல வரிசை கூடத் தெரியும். உள்ளே குயில் சத்தம் குறைவு, அடியில் செடிகொடி குறைவு. காரணம் எளிது. இது தானாக வளர்ந்த காடு இல்லை. நட்டு வளர்த்த காடு. வெட்டுவதற்காக நட்ட காடு.

வந்தேறிய மரங்கள்

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் பைன் என்று ஒன்று கிடையாது. இமயமலைப் பக்கம் உண்டு. பழனி மலையில் இல்லை. இந்த மலையின் சொந்தச் சொத்து இரண்டே இரண்டு. பள்ளத்தாக்கு மடிப்புகளில் அடர்ந்து கிடக்கும் சோலைகள்; மேடுகளில் விரிந்து கிடக்கும் புல்வெளிகள்.

1845-ல் மதுரையிலிருந்து வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி ஓடி வந்த அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-ல் மதுரை கலெக்டர் வெர் லெவிஞ்ச் முயற்சியில் ஏரி உருவானது. இந்த இரண்டுக்கும் நடுவில், 1850களில், பார்ட்ரிட்ஜ் என்ற ராணுவ அதிகாரி ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸையும் வாட்டிலையும் கொண்டுவந்து வைத்தார். குளிர் ஊருக்கு விறகு வேண்டுமே! பைன் மரங்களை 1906-ல் நட ஆரம்பித்தவர், பிரயண்ட் பூங்காவுக்குப் பெயர் கொடுத்த வன அதிகாரி பிரயண்ட் என்று இங்கே கைடுகள் சொல்வார்கள். வாட்டில் மரத்துக்கு நீலகிரியில் சீகை என்று பெயர். கொடைக்கானலில் பலர் சவுக்கு என்றே சொல்லிவிடுகிறார்கள். சமவெளிச் சவுக்கு வேறு, இது வேறு. பெயரைக் கடன் வாங்கிக்கொண்ட மரம்.

அதுவரை நடந்தது தோட்டக்கலை அளவுதான். மலையின் முகமே மாறியது சுதந்திரத்துக்குப் பிறகு. அதற்குக் கீழே சமவெளியில் இருந்த தேவைகள் காரணம்.

தோல் பதனிட டானின் என்ற துவர்ப்புச் சத்து வேண்டும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தோல் ஷாப்புகளுக்கு அதைக் கொடுத்தது நம் ஆவாரம்பட்டை. தைப்பொங்கலுக்கு வாசலில் காப்புக் கட்டுகிறோமே, அதே ஆவாரை. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை அந்த இடத்தைப் பிடித்தது. நிறவெறியை எதிர்த்து 1946-ல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்திக்கொண்டது. அப்படியானால் பட்டையை நாமே விளைவிக்க வேண்டாமா? கூடவே ரேயான் நூல் தயாரிக்கும் ஆலைக்கு மரக்கூழ் வேண்டும். மேட்டுப்பாளையம் பக்கத்துச் சிறுமுகையில் அப்படி ஒரு பெரிய ஆலை வந்தது. நீலகிரியும் பழனி மலையும் அதற்கு மரம் கொடுக்கும் மலைகளாயின.

நடுவதற்கு இடம்? புல்வெளி இருக்கிறதே! அன்றைய கணக்கில் புல்வெளி என்றால் ‘சும்மா கிடக்கும் நிலம்’. மரம் இல்லாத மலையைப் பார்த்தால் அதிகாரிகளுக்குக் கை பரபரக்கும். 1950களிலிருந்து 1980கள் வரை வாட்டில், யூகலிப்டஸ், பைன் எனப் புல்மேடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மரம் நடு விழா கொண்டாடிய தலைமுறைக்கு, மரம் நட்டதே ஒரு தவறாகும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்காது.

கூப்பு என்றால் என்ன?

வளர்ந்த மரத்தை மொத்தமாக ஒரே வருடத்தில் வெட்ட மாட்டார்கள். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இந்த வருடம் இது, அடுத்த வருடம் அது என்று முறை வைத்து வெட்டுவார்கள். அப்படி ஒரு முறைக்கு ஒதுக்கிய பகுதிக்குக் கூப்பு என்று பெயர். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, வனத்துறை வழியாகத் தமிழுக்கு இறங்கிய சொல். மலையில் படிக்காத பாட்டிக்கும் தெரியும். ‘கூப்புக்குப் போயிருக்கான்’ என்றால் மரம் வெட்டப் போயிருக்கிறான் என்று அர்த்தம்.

கூப்பை எடுக்கும் நிறுவனமோ கான்ட்ராக்டரோ நேரடியாக வந்து வெட்டுவதில்லை. மேஸ்திரி ஒருவர் ஆள் சேர்ப்பார். ஆட்கள் குடும்பத்தோடு காட்டுக்குள் போய்த் தங்குவார்கள். நான்கு கம்பு நட்டு, புல்லால் வேய்ந்து, மேலே பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டினால் வீடு. உள்ளே விறகு அடுப்பு. ராத்திரி முழுவதும் அது எரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் 7,000 அடி உயரத்துக் குளிரில் குழந்தைகள் தாங்காது. புகையில் கண் எரிந்தாலும் பரவாயில்லை என்று படுப்பார்கள்.

ஆண்கள் கோடாலியும் ரம்பமும் பிடிப்பார்கள். வாட்டில் மரமாக இருந்தால் அடுத்த வேலை பட்டை உரிப்பது. மரத்தில் நீரோட்டம் இருக்கும் மழைக்காலத்தில்தான் பட்டை நார் போல வழிந்து வரும். காய்ந்துவிட்டால் மரத்தை விடாது. ஆகவே மழையிலும் மூடுபனியிலும்தான் வேலை மும்முரம். அட்டைப்பூச்சி ஒரு பக்கம், வழுக்கும் சரிவு ஒரு பக்கம். பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து உரித்து, கட்டுகளாகக் கட்டி, தலைச்சுமையாக லாரி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருவார்கள். கட்டையை ஒரே அளவில் துண்டு போட்டு அடுக்குவார்கள். பட்டைக்கு எடை, கட்டைக்கு அடுக்கு, கூலி அதன்படி. மாதச் சம்பளம் என்ற பேச்சே இல்லை.

பைன் காடு, மரவெட்டி முகாம் என்றதும் உலகம் நினைப்பது வடக்கு நாடுகளைத்தான். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பனிக்காலம் முழுக்க ஆண்கள் மட்டும் காட்டுக்குள் மரக்கொட்டகையில் தங்கி வெட்டினார்கள். உறைந்த பாதையில் மரத்தை இழுத்து ஆற்றங்கரையில் அடுக்கி, வசந்தத்தில் பனி உருகியதும் வெள்ளத்தோடு மிதக்க விட்டு அறுவை ஆலைக்குக் கொண்டுபோனார்கள். அந்த முகாம்களைப் பற்றிப் பாட்டு உண்டு, அருங்காட்சியகம் உண்டு. பால் பன்யன் என்ற ராட்சத மரவெட்டியைப் பற்றிக் குழந்தைக் கதைகளும் உண்டு.

கொடைக்கானல் கூப்புக்கு அப்படி எதுவும் இல்லை. ஆற்றில் மிதக்க விட ஆறும் இல்லை, லாரிதான். இன்னொரு பெரிய வித்தியாசம், இது ஆண்கள் முகாம் இல்லை. மரக்கிளையில் சேலைத் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டுத் தாய் பட்டை உரித்த இடம்.

ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள்

அந்தத் தாய்மார்களில் பலர் பிறந்தது இந்த மலையில் இல்லை. கடலுக்கு அப்பால், கண்டி, நுவரெலியா, அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில்.

19-ஆம் நூற்றாண்டில் மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களின் வாரிசுகள் இவர்கள். கங்காணிதான் ஆள் பிடித்துக் கூட்டிப் போனார். 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு இவர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தார்கள். 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது. மீதி 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதர்களைப் பாகப்பிரிவினை செய்த கணக்கு இது.

தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம், கையில் ஒரு குடும்ப அட்டை. ‘தாயகம் திரும்பியோர்’ என்பது அரசாங்கம் வைத்த பெயர். ஆனால் தாயகத்தில் யாரைத் தெரியும்? தாத்தாவின் ஊர்ப் பெயர் மட்டும் தெரியும். அங்கே போனால் நிலமும் இல்லை, அடையாளம் கண்டு வா என்று சொல்லவும் ஆளில்லை. கடை வைக்கக் கடன் கொடுத்தார்கள். கடை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் கையில் அது சீக்கிரமே கரைந்தது. சமவெளி வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குளிர்மலையில் கொழுந்து பறித்த உடம்பு.

கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கிடைக்காதவர்களில் ஒரு பகுதியினர் கேள்விப்பட்டது கொடைக்கானல். ‘அங்கேயும் நம்ம ஊர் மாதிரியே குளிரும், மர வேலை இருக்கு’ என்று சொன்னால் போதாதா? மானாமதுரை, மதுரை வழியாகக் கொடை ரோட்டில் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து லாரியில் கூப்புக்கு.

தாத்தாவைக் கங்காணி கூட்டிப் போனார். பேரனை மேஸ்திரி கூட்டிப் போனார். முதலில் முன்பணம். பிறகு அரிசி, பருப்பு, கம்பளி எல்லாம் கணக்கில் ஏற்றிக் கொடுப்பது. வெட்டிய மரத்தின் கூலி கணக்கில் கழியும். ஆனால் கணக்கு மட்டும் தீராது. கடன் தீரும் வரை வேறு இடத்துக்குப் போக முடியாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் 1980களில்தான் இந்த மலைக்காட்டுக்குள் கொத்தடிமைகளாகக் குடும்பங்கள் இருப்பது வெளியே தெரிந்து, அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் படகு ஓட்டிய ஏரியிலிருந்து சில மணி நேரத் தூரத்தில் இது நடந்தது என்பதை நினைத்தால் சங்கடமாக இருக்கும். இருக்கத்தான் வேண்டும்.

விடுதலையானவர்களில் ஒரு பகுதியினருக்கு மேல்மலையில் உள்ள குண்டுபட்டி ஊராயிற்று. கோடாலி பிடித்த கை மண்வெட்டி பிடித்தது. இன்று மேல்மலைக் கிராமங்களின் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் மூட்டைகள் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்குகின்றன. அதில் அவர்கள் உழைப்பும் உண்டு.

கோடாலி நின்றது, மரம் நிற்கவில்லை

1988-ல் வந்த தேசிய வனக் கொள்கை, காடு என்பது ஆலைகளுக்கு மரம் கொடுக்கும் கிடங்கு இல்லை என்று சொன்னது. 1996 டிசம்பர் 12-ல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, நாடு முழுக்கக் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. சிறுமுகை ஆலையும் பிறகு மூடப்பட்டது. 2013-ல் இந்த மலைக்காட்டின் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. கூப்பு முடிந்தது.

ஆனால் வாட்டில் சும்மா இருக்கும் ஜாதி இல்லை. விதை மண்ணுக்குள் பல வருடம் கிடக்கும். தீ பட்டால் முளைத்துக் கிளம்பும். வெட்ட ஆளில்லாத தோட்டத்திலிருந்து எஞ்சிய புல்வெளிக்குள் அது தானாகவே நடந்து போக ஆரம்பித்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் மேல்மட்டப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கிறது என்றது அது. மரத்தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன.

போனால் போகட்டும், புல்தானே என்று மதுரைக்காரர்கள் சொல்ல முடியாது. இந்த மலையின் தெற்குச் சரிவில் விழும் மழைதான் மஞ்சளாறு, வராக நதி, மருதாநதியாக இறங்கி வைகையில் சேர்கிறது. பெரியகுளத்துக்குக் குடிநீர் தருவது மேலே இருக்கும் பேரிஜம் ஏரி. புல்வெளியும் சோலையும் மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஊட்டி அருகே கிளென்மார்கனில் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டு நீரை அளந்து பார்த்தார்கள். முதல் பத்து வருடத்திலேயே ஓடை நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. கொடைக்கானலிலும் மரம் மாறியதற்கு நீர்க்கணக்கு ஒன்று இருக்கத்தான் செய்யும். வறண்ட வைகையில் நின்று கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

குறிஞ்சிப் பூவும் புல்வெளிக்காரிதான். 2018-ல் பூத்தது, அடுத்த முறை 2030. அதற்குள் எத்தனை மேடு மிச்சமிருக்கும் என்பது ஒரு கேள்வி.

இப்போது காலம் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது. அந்நிய மரங்களை அகற்றுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தியது. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. ஆனால் எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதில் மலையை நேசிப்பவர்களுக்குள்ளேயே கருத்து ஒன்று இல்லை. கொடைக்கானலில் குடியேறிச் சோலை மரங்களுக்காகவே வாழ்ந்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் தம்பதி ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள். வயதான தோட்ட மரங்களின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அங்கே கண்மூடித்தனமாக வெட்டினால் அவையும் போய்விடும். பிறகு வாட்டில்தான் திரும்ப வரும். புல்வெளி ஓரத்தில் நிற்பதைப் பிடுங்கு, உள்ளே இருப்பதைப் பார்த்துச் செய் என்பது நியாயமாகத்தான் படுகிறது. மலையை மொத்தமாக ஒரே உத்தரவில் மாற்றப் போய்த்தானே இந்த வினை வந்தது!

போகிறவர்களுக்கு

அரசு பஸ்ஸில் இல்லாமல் வேறு வாகனத்தில் கொடைக்கானல் போனால் இப்போது இ-பாஸ் எடுக்க வேண்டும்; போனிலேயே பதிவு செய்துகொள்ளலாம். பேரிஜம் பாதைக்கு வனத்துறை அனுமதி தனி. பைன் காட்டோடு திரும்பிவிடாமல் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போய் வாருங்கள். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலும், புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டும் உண்டு. மன்னவனூரில் இன்னும் மிச்சமிருக்கும் புல்வெளி கண்ணுக்கு நிறையக் கிடைக்கும். வழியில் சாலையோரம் வாட்டிலும் யூகலிப்டஸும் வரும்போது பஸ் ஜன்னல் வழியாகக் கவனித்தால், ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டு கிளம்பிய மரங்கள் தெரியும். முன்பு ஒரு கோடாலி விழுந்த இடம் அது.

மேல்மலையில் ஏதாவது ஒரு டீக்கடையில் பெரியவர் யாராவது ‘கட்டன் டீ’ என்று கேட்காமல் ‘பிளேன்டீ’ என்று கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். அது தேயிலைத் தோட்டத்து லயத்தில் பழகிய சொல். எந்தக் கப்பலில் வந்தார், எந்தக் கூப்பில் வெட்டினார் என்று கேட்டால் சொல்வார். டீ ஆறுவதற்குள் முடிகிற கதையாக இருக்காது. மதுரைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.